உங்களுக்குத் தெரியுமா? 37 வயதில் பிரீமியர் லீக் அறிமுகம்!

கால்பந்தில் கோல் அடிப்பவர்களுக்குத்தான் மாலை மரியாதை. பின்வரிசையில் நிற்பவரை யார் நினைக்கிறார்கள்? கிரஹாம் அலெக்சாண்டர் விதிவிலக்கு. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கில் ஸ்கன்தோர்ப் அணிக்காக இறங்கிய இந்த ரைட் பேக், லூட்டன், பிரெஸ்டன், பர்ன்லி, மீண்டும் பிரெஸ்டன் என்று ஊர் ஊராக ஆடினார். உச்ச நிலையான பிரீமியர் லீக்கில் கால் வைத்தது 2009-இல்; பலர் ஓய்வுபெற்றுவிடும் 37 வயதில்! மொத்தம் 1,000 ஆட்டங்களுக்கு மேல். பெனால்ட்டி என்றால் பந்து இவரிடம்தான் வரும். சுற்றி வளைக்காமல் ஓங்கி ஓர் உதை. ஸ்காட்லாந்துக்காக 40 ஆட்டங்கள் வேறு. பிறந்ததென்னவோ இங்கிலாந்தின் கவன்ட்ரியில்! 2012 ஏப்ரலில், 40 வயதில், பிரெஸ்டனின் சொந்த மைதானமான டீப்டேலில் ரசிகர்களிடம் விடைபெற்ற ஆட்டம். எதிரணி சார்ல்டன் 2-1 என முன்னிலை. இஞ்சுரி டைமில் கிடைத்த ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அனுப்பி, ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டுத்தான் போனார் மனிதர்.