விற்பனைக்கு வந்த வெள்ளி வண்டி

2022ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலுள்ள மேர்சிடிஸ் பென்ஸ் நூதனசாலையில், அழைக்கப்பட்ட சிலர் மட்டும் கூடியிருக்க, மோட்டார் வண்டியொன்று ஏலத்தில் விடப்பட்டது. அது பெற்ற விலை 13 கோடியே 50 இலட்சம் யூரோ! அதுவரை எந்தக் காருக்கும் ஏலத்தில் எவரும் இத்துணைப் பெருந்தொகை கொடுத்ததில்லை.

விலையைக் கேட்டு வியப்பதோடு நின்றுவிட என் மனம் இசையவில்லை. அந்த வண்டியின் பிறப்பையும் அறிய விரும்பினேன்.

300 எஸ்.எல்.ஆர். என்னும் பந்தயக் காருக்குக் கூரையிட்டு, 1955இல் இரண்டே வண்டிகள் செய்தனர். சிறகுபோல மேலெழுந்து திறக்கும் கதவுகள். ஒரே வரிசையில் எட்டு உருளைகள். ஏறக்குறைய 300 குதிரைவலு. மணிக்கு 290 கிலோமீற்றரை எட்டும் வேகம். சாதாரண இயந்திரத்தில் வால்வைத் திறப்பது சுழலும் தண்டு, மூடுவது சுருள்வில். வேகம் மிகும்போது வில் பின்தங்கிவிடும். எனவே இவ்வண்டியில் வில்லை நம்பாது, மூடும் வேலையையும் அத்தண்டிடமே ஒப்படைத்தனர். எத்துணை நுட்பமான சிந்தனை!

ஆயினும் இவ்விரண்டும் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. 1955 ஜூன் 11ஆம் நாள், பிரான்சின் லெ மான் பந்தயத்தில், இதே இனத்தைச் சேர்ந்த திறந்த வண்டியொன்று மோதிச் சிதறிப் பார்வையாளர் கூட்டத்திற் பாய்ந்தது. மக்னீசியம் கலந்த அதன் உடல் பற்றி எரிந்தது. சாரதி பியர் லெவேயுடன் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தயங்கள் பல கைவிடப்பட்டன. அவ்வாண்டு இறுதியில் நிறுவனமும் பந்தயத் துறையினின்று விலகிற்று.

அதன்பின் அந்த வண்டியைத் தம் அலுவல்களுக்கு ஓட்டித் திரிந்தவர் அதனை உருவாக்கிய பொறியியலாளர் ருடொல்ஃப் உலன்ஹவுட். 1906இல் இலண்டனிற் பிறந்தவர். தந்தை ஜேர்மனியர், தாய் ஆங்கிலேயர். வண்டி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அவரோ தமக்கென்று ஒரு காரும் வைத்திருந்ததில்லை என்பர். செய்தவன் கையில் கருவி, உடையவன் கையில் பத்திரம். இது மோட்டார் உலகிற்கு மட்டும் உரிய வழக்கமா என்ன?

விற்ற பணம் சுற்றாடல் விஞ்ஞானமும் கரியமிலக் குறைப்பும் பயிலும் மாணவரின் உதவிநிதிக்கென்று அறிவித்தனர். எரிபொருளை வாரிக் குடித்த வண்டி புகை தணிக்கும் கல்விக்குப் பொருள் ஈட்டுகிறது! மாணவர் என்ற சொல்லைக் கேட்டதும், விலையின்மேல் எனக்கிருந்த சினம் பாதி தணிந்தது. மறுபாதி அப்படியே இருக்கிறது.

வாங்கியவர் பெயரை வெளியிடவில்லை. சிறப்பு நாட்களில் வண்டியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க அவர் இசைந்துள்ளார். அதன் இணைவண்டியை நிறுவனம் விற்கவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டது.