மார்கழியிலும் அம்மாவுக்கு வியர்ப்பது ஏன்?

மார்கழி மாதத்து விடியற்காலை. போர்வையைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். திடீரென்று தலைக்கு மேல் மின்விசிறி சுழலத் தொடங்குகிறது. கண்ணைத் திறந்தால், அம்மா எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டிருக்கிறார். "உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது" என்கிறார். ஐந்து நிமிடம் கழித்து அவரே விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடுகிறார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் யாராவது சொல்லியும் இருப்பார்கள்.

பிரமை அல்ல. கருவிகளால் அளந்து காட்டக்கூடிய உடலியல் நிகழ்ச்சி இது. அம்மாவுக்கு வயது 45-ஐ ஒட்டி இருந்தால், மாதவிடாய் நிற்கும் பருவம் நெருங்கிக்கொண்டிருக்கலாம். பெண்கள் சமாசாரம்தானே என்று மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விசிறி உங்கள் தலைக்கு மேலும்தானே சுழல்கிறது!

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்கள் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பூப்படையும்போது மிஞ்சுபவை 3, 4 லட்சம். அவற்றுள்ளும் வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை 400, 500தான். மற்றவை தாமாகவே அழிந்துபோகின்றன. முட்டையைச் சூழ்ந்திருக்கும் செல்களே ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோனைச் சுரப்பவை. ஆகவே முட்டைகள் தீரத் தீர ஈஸ்ட்ரோஜெனும் குறைகிறது. சீராகவும் குறைவதில்லை. ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் சடாரென்று இறங்கும். மாதவிடாய் முன்னும் பின்னுமாக வரும். தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் நின்றுவிட்டதாகக் கொள்வார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது.

சரி, சூலகத்தில் ஹார்மோன் குறைந்தால் முகம் ஏன் வியர்க்க வேண்டும்?

வீட்டிலுள்ள தானியங்கி இஸ்திரிப் பெட்டியைக் கவனியுங்கள். சூடு ஓர் அளவைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. விளக்கு அணைகிறது. சூடு தணிந்ததும் மீண்டும் எரிகிறது. அணையும் வெப்பநிலையும் எரியும் வெப்பநிலையும் ஒன்றல்ல. இடையே சற்று இடைவெளி உண்டு. அது இல்லாவிட்டால் விளக்கு ஓயாமல் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

நம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதாலமஸ் செய்வதும் இதே வேலைதான். உடலின் உட்சூடு மேல் எல்லையைத் தாண்டினால் வியர்க்கச் செய்கிறது. கீழ் எல்லைக்கு இறங்கினால் நடுங்கச் செய்கிறது. இடையில் இருக்கும்வரை சும்மா இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் ராபர்ட் ஃப்ரீட்மன் என்பவர் இந்த இடைவெளியை அளந்தார். மாதவிடாய் நின்றும் தொல்லை ஏதும் இல்லாத பெண்களிடம் அது சுமார் 0.4 டிகிரி செல்சியஸ். தொல்லை உள்ளவர்களிடமோ ஏறக்குறைய பூஜ்யம்! அடுப்படி வெக்கை, ஒரு தம்ளர் சூடான காப்பி, சின்னப் படபடப்பு, எதுவானாலும் போதும். மேல் எல்லை தாண்டப்பட்டுவிடும். தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்வை கொட்டுகிறது. வெப்பம் வெளியேறியதும் உட்சூடு கீழ் எல்லைக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் அம்மா போர்வையைத் தேடுகிறார்.

இடைவெளி சுருங்குவது எதனால்? மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைபோதாலமஸில் சில நரம்புச் செல்கள் பருத்திருப்பதை, இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து நவோமி ரான்ஸ் கண்டறிந்தார். ஈஸ்ட்ரோஜெனின் கட்டுப்பாடு விலகியதும் இச்செல்கள் நியூரோகைனின் பி என்னும் பொருளை மிகுதியாக வெளியிட்டு, வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைக்கின்றன. அப்பொருளின் வேலையைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஈஸ்ட்ரோஜெனையே மருந்தாகத் தருவதும் உண்டு. அது நன்றாகக் கேட்கும். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் போன்ற சிலருக்கு ஆகாது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மருந்தல்ல.

இரவில் நான்கு முறை வியர்த்து விழித்தவர் காலையில் சிடுசிடுப்பதில் என்ன வியப்பு? நீங்கள் பரீட்சைக்குக் கண்விழித்த மறுநாளை நினைத்துப் பாருங்கள். சொல்ல வந்தது மறந்துபோவதும், மூட்டு வலிப்பதும்கூட இப்பருவத்தில் உண்டு. இத்தொல்லை பலருக்குச் சில ஆண்டுகள் நீடிக்கும். "ஒரு மாசத்துல சரியாயிடும்" என்று தேற்றுவதைவிட, ஜன்னலோரப் படுக்கையை அவருக்கு விட்டுக்கொடுப்பது பயன் தரும். பருத்திச் சேலை நல்லது. ஈஸ்ட்ரோஜென் குறைந்தபின் எலும்பும் வேகமாக வலுவிழப்பதால் தினசரி நடையும் கேழ்வரகு, எள், பால் போன்ற கால்சியம் மிக்க உணவும் தேவை.

அம்மாவுக்குச் சம்மதமானால் ஒரு பழைய நோட்டை எடுங்கள். சூடு வந்த நேரம், நீடித்த நிமிடங்கள், அதற்குச் சற்று முன் குடித்தது, சாப்பிட்டது, செய்தது ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்து வாருங்கள். காப்பிதான் காரணமா, காரக் குழம்பா, அல்லது இரண்டும் இல்லையா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். டாக்டரிடம் போகும்போது நோட்டையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் இதே வியர்வையும் படபடப்பும் வரும் என்பதால், அவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து மீண்டும் ரத்தம் பட்டால், ஒரு துளியானாலும், அது திரும்பி வந்த மாதவிடாய் அல்ல. பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும். சில சமயம் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுதான். "வயசான காலத்துல இதைப் போய்ச் சொல்வதா" என்று அம்மா கூச்சப்பட்டால், துணைக்கு நீங்கள் போய் வாருங்கள்.