மாலை ஏழு மணிக்கு ஒரு மின்சாரம், நள்ளிரவில் இன்னொன்று

நேபாளத்தின் நடுமலைப் பகுதியில் ஒரு கிராமத்தின் மின்நிலையம் என்பது பெரும்பாலும் ஓடைக்கரையில் கல் அடுக்கிக் கட்டிய ஒற்றை அறைதான். உள்ளே ஒரு டர்பைன், ஒரு ஜெனரேட்டர், சுவரில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதிலிருந்து வருவது 20 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்றரை டன் ஏ.சி. பன்னிரண்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் அந்த 20 கிலோவாட் தீர்ந்துபோகும். மலையில் அதை இருநூறு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டுக்கு நூறு வாட்.

நூறு வாட்டில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதைவிட, அந்த நூறு வாட்டை எந்த நேரத்தில் செலவழிக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, மின்சேமிப்பு என்று நாம் இரண்டு தலைப்புகளில் பேசுவது அங்கே ஒரே விஷயமாகிவிடுகிறது. அது எப்படி என்று தெரிய, தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

மாவரைத்த தண்ணீர்

மின்சாரத்துக்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே நேபாள ஓடைகள் வேலை செய்துகொண்டிருந்தன. 'கட்டா' எனப்படும் மரச்சக்கர நீராலைகள் மலைநாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருந்தன. இன்றும் பல ஓடுகின்றன. மேலிருந்து மரத்தொட்டி வழியே பாயும் நீர், படுக்கையாகக் கிடக்கும் சக்கரத்தைச் சுழற்றும். அதற்கு மேலே திரிகைக்கல் சுற்றும். மக்காச்சோளமும் கேழ்வரகும் மாவாகும். கட்டா இல்லாத இடங்களில் பெண்கள் உரலிலும் கைத்திரிகையிலும் மணிக்கணக்காக உழைத்தார்கள், அல்லது தானிய மூட்டையை முதுகில் சுமந்து மலை இறங்கினார்கள்.

நார்வேயைச் சேர்ந்த பொறியாளர் ஆட் ஹாஃப்டுன் 1963இல் புட்வல் நகரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த பட்டறைகளும், சுவிஸ் உதவியோடு காத்மாண்டுவில் நடந்த பாலாஜு பட்டறையும் மலைக்கு ஏற்ற சிறிய டர்பைன்களை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கின. அவை முதலில் செய்யப்பட்டது விளக்கெரிக்க அல்ல. மாவரைக்க, நெல் குத்த, எண்ணெய் ஆட்ட. பிறகுதான் அதே டர்பைனின் பெல்ட்டில் ஒரு ஜெனரேட்டரை மாட்டினார்கள். பகலில் ஆலை, இருட்டியதும் விளக்கு. இந்த முறைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பது என் கருத்து. இதை மறந்த ஊர்களில் நிலையங்கள் நொடித்தன.

1992ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 1,000 கிலோவாட் வரையிலான நீர்மின் நிலையங்களுக்கு உரிமம் வேண்டாம் என்றது. 1996இல் அரசு மாற்று எரிசக்தி மேம்பாட்டு மையத்தை அமைத்தது. செலவின் ஒரு பங்கு அரசிடமிருந்தும் வெளிநாட்டு உதவியிலிருந்தும் மானியமாக வந்தது. மீதிக்கு வங்கிக் கடன், ஊர்ப் பணம், அதோடு ஊரின் உடலுழைப்பு. கால்வாய் வெட்டியதும், இரும்புக் குழாய்களையும் ஜெனரேட்டரையும் சாலையில்லாத மலைப்பாதையில் தோளில் தூக்கிவந்ததும் அந்தந்த ஊர் மக்களே. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த ஊரக எரிசக்தித் திட்டத்தில் ஆண்களுக்கு ஒரு குழு, பெண்களுக்கு ஒரு குழு என்று ஒவ்வொரு குடியிருப்பிலும் தனித்தனியே அமைத்த பிறகே வேலை தொடங்கியது. மின்சாரம் வந்தால் யாருடைய முதுகுச் சுமை முதலில் குறையும் என்று யோசித்தால், பெண்களின் குழு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

கொட்டிப் போகும் மின்சாரம்

அணை எதுவும் இல்லை. ஓடையில் கற்களை அடுக்கி நீரின் ஒரு பகுதியைக் கால்வாயில் திருப்புகிறார்கள். மணலும் கூழாங்கல்லும் அடியில் தங்க ஒரு தொட்டி. பிறகு மலைச்சரிவை ஒட்டி, அதிகம் இறங்காமல் நீளும் கால்வாய். அது முடியும் இடத்திலிருந்து குழாய் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. நொடிக்கு 40 லிட்டர் நீர் நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதில் ஏறத்தாழ 39 கிலோவாட் ஆற்றல் இருக்கிறது. குழாயிலும் டர்பைனிலும் கம்பியிலும் இழப்பவை போக ஏறக்குறைய பாதி கைக்கு வரும். நாம் சொன்ன 20 கிலோவாட் அதுதான். நீர் மீண்டும் ஓடையிலேயே சேர்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு சிக்கல். நீர் இராப்பகலாக ஒரே வேகத்தில் விழுகிறது. ஊரின் தேவை அப்படியில்லை. ஒரு வீட்டில் விளக்கை அணைத்தால் ஜெனரேட்டர் மீதான பளு குறைந்து, டர்பைன் வேகமெடுக்கும். வேகம் கூடினால் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் எகிறும், பல்புகள் வெடிக்கும். பெரிய மின்நிலையங்களில் நீரின் அளவைக் குறைத்துக் கூட்டும் இயந்திரம் இருக்கும். ஊர் நிலையத்துக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. அதனால் மின்னணுச் சுமைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வைக்கிறார்கள். ஊர் எவ்வளவு குறைவாக எடுக்கிறதோ, அவ்வளவு மிச்சத்தை அது ஒரு சூடேற்றும் சுருளுக்குத் திருப்பிவிடுகிறது. ஜெனரேட்டரின் கண்ணுக்குப் பளு எப்போதும் ஒரே அளவுதான்.

அதாவது, நள்ளிரவில் ஊர் தூங்கும்போது ஏறத்தாழ 20 கிலோவாட்டும் அந்தச் சுருளில் வெப்பமாகக் கரைந்துபோகிறது. மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் விளக்கை அணைத்துச் 'சேமித்தால்' யாருக்கும் எதுவும் மிஞ்சாது. சுருள் இன்னும் கொஞ்சம் சூடாகும், அவ்வளவே. ஆனால் மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் அடுப்பெரிந்து, பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரத்தில், ஒரு வீடு விட்டுக்கொடுக்கும் நாற்பது வாட் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. நம் வீடுகளில் பெரும்பாலான மீட்டர்களுக்கு நேரம் தெரியாது. மதிய யூனிட்டும் மாலை யூனிட்டும் ஒரே விலை. அதனால் மின்சேமிப்பு என்றதும் மொத்த யூனிட்டைக் குறைப்பது என்று மட்டுமே நினைக்கப் பழகிவிட்டோம்.

ஒரு பல்பின் கணக்கு

தொடக்கக் காலத்தில் இந்த ஊர்களில் எரிந்தவை இழை பல்புகள். வீட்டுக்கு மூன்று பல்பு, தலா 25 வாட், மொத்தம் 75 வாட். ஒரு வானொலியோடு நூறு வாட் ஒதுக்கீடு கிட்டத்தட்ட முடிந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலும், அதற்கும் முன் பைன் மரச் சிராய்களைக் கொளுத்திய வெளிச்சத்திலும் இருந்தவர்களுக்கு அதுவே பெரும் வரம். அந்த மூன்று பல்புகளும் 5 வாட் எல்.இ.டி.யாக மாறும்போது வீட்டுக்கு 60 வாட் மிஞ்சுகிறது. இருநூறு வீட்டுக்கு 12 கிலோவாட். ஓடையில் ஒரு சொட்டு நீர் கூடாமல், கால்வாயை ஒரு அடி நீட்டாமல், ஊருக்குப் பாதி மின்நிலையத்துக்கு மேல் புதிதாகக் கிடைத்துவிட்டது. இதைவிட மலிவான மின்நிலையத்தை எந்தப் பொறியாளராலும் கட்ட முடியாது.

கிடைத்தது நிலைத்ததா? தொலைக்காட்சி வந்தது, செல்பேசி வந்தது. அதுவரை பரவாயில்லை. ரைஸ் குக்கர் வந்தபோதுதான் ஏழு மணி மறுபடி நெரிந்தது. ஒரு குக்கர் ஐந்நூறு வாட் என்றால், ஊரில் நாற்பது வீடு ஒன்றாக உலை வைத்தால் நிலையம் முழுவதும் அதற்கே சரி. தூண்டல் அடுப்பு என்றால் பத்துப் பன்னிரண்டு வீடு போதும். அதனால் பல ஊர்க் குழுக்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு அளவுக்குமேல் இழுத்தால் தானே துண்டித்துக்கொள்ளும் கருவியைப் பொருத்தின. அந்தக் கட்டுப்பாடு கசப்பானதுதான். ஆனால் அது இல்லாத ஊரில் முதலில் மங்குவது கம்பியின் கடைசியில் இருக்கும் வீடு. அது பெரும்பாலும் ஊரின் ஏழை வீடு.

சமையலைத் தொடாமல் மலைக்கிராமத்தின் எரிசக்தியைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நேபாளக் குடும்பங்களில் 51 சதவீதம் விறகில் சமைத்தன. விளக்கு மாறிய பிறகும் அடுப்பு மாறவில்லை. புகையும் காட்டுக்கு நடக்கும் நடையும் பெண்களுக்கே மிஞ்சின.

இந்த இடத்தில் அன்னபூர்ணா மலையடிவாரத்தில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் காந்த்ருக் என்ற குருங் மக்களின் ஊரைச் சொல்ல வேண்டும். 1986இல் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் தொடங்கியது அங்கேதான். மலையேற வரும் பயணிகளுக்கு வெந்நீரும் சாப்பாடும் தர விடுதிகள் காட்டை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. 1990களின் தொடக்கத்தில் ஊருக்கு 50 கிலோவாட் நீர்மின் நிலையம் வந்தபோது, விளக்கோடு நிற்காமல் சமையலையும் அதில் சேர்க்க முயன்றார்கள். அதற்கு உதவிய கருவி 'பிஜுலி தேக்சி', அதாவது மின்சாரப் பாத்திரம். புட்வல் பக்கத்துப் பொறியாளர்கள் உருவாக்கிய, வெப்பம் வெளியேறாதபடி போர்த்திய அலுமினியப் பானை. சில நூறு வாட் மட்டுமே எடுத்து மெல்ல மெல்ல நீரைச் சூடாக்கும். 250 வாட்டில் ஐந்து லிட்டர் குளிர்ந்த நீர் இரண்டு மணி நேரத்தில் கொதிநிலையை நெருங்கிவிடும். சுருளில் வீணாகியிருக்கும் பகல் மின்சாரம் இப்படி வெந்நீராகச் சேமிக்கப்படுகிறது. மாலையில் அதை அடுப்பில் ஏற்றினால் விறகு பாதி போதும்.

அந்தப் பானை நாடு முழுவதும் பரவவில்லை. வேகமான குக்கரைப் பார்த்த கண்களுக்கு அது மந்தமாகத் தெரிந்தது, விலையும் குறைவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மின்கலன் விலை எட்டாத ஊர்களுக்கு, வெந்நீரைவிட எளிய சேமிப்புக்கலன் இன்றும் இல்லை.

பகலில் யார் வாங்குவது?

மாலை நெரிசலைச் சமாளித்த ஊருக்கும் இன்னொரு கேள்வி மிச்சம். விளக்குக் கட்டணத்தை மட்டும் நம்பினால் வருமானம் போதாது. இயக்குபவர் இருவருக்குச் சம்பளம், தேய்ந்த பேரிங், அறுந்த பெல்ட், மழைக்காலத்தில் சரிந்த கால்வாய், இடிமின்னலில் கருகிய கட்டுப்பாட்டு அட்டை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பல நிலையங்கள் தங்களால் தரக்கூடிய மின்சாரத்தில் கால்வாசி அளவையே விற்றன. மாவரைக்கும் ஆலை, மரப்பட்டறை, கோழிப்பண்ணை, பால் குளிரூட்டி, செல்பேசிக் கோபுரம் என்று பகல்நேர வாடிக்கையாளரைப் பிடித்த ஊர்கள் தலைநிமிர்ந்தன.

பாக்லுங் மாவட்டத்தில் காலுங் கோலா என்ற ஓடையை ஒட்டிய ஊர்கள் இதற்கு வேறொரு வழி கண்டன. 9 கிலோவாட்டிலிருந்து 26 கிலோவாட் வரை ஆறு தனித்தனி நிலையங்கள், ஆறு தனித்தனி ஊர்க் குழுக்கள். 2011இல் எட்டு கிலோமீட்டர் நீள 11,000 வோல்ட் கம்பியால் அவற்றை ஒன்றாக இணைத்தார்கள். மொத்தம் 107 கிலோவாட். ஒரு ஊரில் ஆலை ஓடாதபோது அதன் மிச்சம் இன்னொரு ஊரின் ஆலைக்குப் போனது. ஒன்று பழுதானால் மற்றவை தாங்கின. தேசிய மின்கம்பி எட்டாத இடத்தில், ஊர்கள் தாங்களே ஒரு சின்ன மின்கட்டமைப்பை நடத்திய அனுபவம் அது.

மலை இதற்கெல்லாம் பணிந்து நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 1985 ஆகஸ்ட் 4 அன்று எவரெஸ்ட் பகுதியில் டிக் சோ என்ற பனியேரி உடைந்து, கட்டி முடியும் நிலையில் இருந்த நாம்சே மின்நிலையத்தை அடித்துச் சென்றது. பனியாறுகள் உருகி ஏரிகள் பெருகும் இந்நாளில் அந்த ஆபத்து குறையவில்லை. பனியேரி இல்லாத நடுமலையில் வேறு தொல்லை: மாசி, பங்குனியில் ஓடை மெலிந்து 20 கிலோவாட் நிலையம் பத்துக்கு இறங்கும். அந்த மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருப்பதால் சூரியத் தகடு நல்ல துணை. மழைக்காலத்தில் நீர், வறண்ட காலத்தில் வெயில் என்று இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுவதே அறிவு.

கம்பி வந்த பிறகு

தலைநகர் காத்மாண்டு ஒரு காலத்தில் குளிர்மாதங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் இருளில் கிடந்தது. அப்போதும் ஓடை ஓடிய ஊர்களில் விளக்கெரிந்தது. பிறகு பெரிய நீர்மின் திட்டங்கள் வந்தன, இந்தியாவிலிருந்தும் மின்சாரம் வந்தது. தேசிய மின்கம்பி மலைகளுக்குள் வேகமாக நுழைந்தது. ரைஸ் குக்கர் தாங்கும், தூண்டல் அடுப்பு தாங்கும் மின்சாரம். மக்கள் அங்கே மாறியதில் தவறே இல்லை. ஆனால் அவர்கள் தோளில் சுமந்து கட்டிய நிலையங்கள் பல ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன, சில ஊர்களில் கடனோடு.

நுவாகோட் மாவட்டத்தின் சியௌரேபூமி இதற்கு ஒரு விடை தந்தது. அங்கிருந்த 23 கிலோவாட் ஊர் நிலையம் 2018 ஜனவரியில் தேசியக் கட்டமைப்போடு இணைந்தது. நேபாளத்தில் ஊர் மக்களின் சிறு நீர்மின் நிலையம் ஒன்று மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்றது அதுவே முதல் முறை. அதுவரை சுருளில் கரைந்துகொண்டிருந்த நள்ளிரவு மின்சாரத்துக்கு அங்கே விலை கிடைத்தது. அந்த ஊரில் இப்போது மதியம் விளக்கை அணைப்பதும் உண்மையான சேமிப்புத்தான்.

இணைப்பு இலவசமாக நடப்பதில்லை. ஊர் ஜெனரேட்டரின் அதிர்வெண்ணும் அழுத்தமும் பெரிய கம்பியோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும்; பொருத்தும் கருவியும், கோளாறு வந்தால் நொடியில் பிரிக்கும் பாதுகாப்பும் வேண்டும். 23 கிலோவாட் நிலையத்துக்கு அந்தச் செலவு பளு; 10 கிலோவாட் நிலையத்துக்கு வருமானத்தையே விழுங்கும். செலவில் எவ்வளவை அரசு ஏற்பது, யூனிட்டுக்கு என்ன விலை தருவது, பெரிய கம்பி அறுந்த நாளில் ஊர் தன் நிலையத்தைத் தனியே ஓட்டி விளக்கேற்ற அனுமதி உண்டா என்பவற்றை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதினால்தான் பூட்டிய அறைகள் திறக்கும். புயலிலும் நிலச்சரிவிலும் கம்பி அறுவது மலையில் வழக்கம் என்பதால், அந்தக் கடைசி அனுமதியைத்தான் ஊர்க் குழுக்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.