பனி நாட்டு நுரை நம் கூரைக்குப் பொருந்துமா?

வீட்டுக்குள் புழுக்கம் தாங்க முடியவில்லை. காரணம் வெயிலா, கூரையா? இவ்வாரக் கருத்துக்களம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் என்று எந்தத் தாமானுக்குப் போனாலும் இரட்டை மாடி வரிசை வீடுகளில் ஒரே புலம்பல்தான். கீழ்த்தளத்தில் ஓரளவு உட்கார முடிகிறது. மேல்மாடி அறையிலோ இரவு பத்து மணிக்கும் படுக்க முடிவதில்லை. மின்விசிறி சுடுகாற்றைத்தான் வாரி இறைக்கிறது. கைக்குழந்தையும் வயதான பெற்றோரும் இருக்கும் வீடு என்றால் குளிர்சாதனம் விடிய விடிய ஓடுகிறது. மின்கட்டணப் பட்டியல் வரும்போது குடும்பத் தலைவருக்கு வேறு விதமாக வியர்க்கிறது!

இந்த நேரத்தில்தான் பலரும் கைப்பேசியில் ஒரு காட்சியைப் பார்க்கிறார்கள். கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒருவர் முகமூடி அணிந்து கூரையின் அடிப்பக்கத்தில் நுரையைப் பீய்ச்சுகிறார். சில நொடிகளில் அது பொங்கிக் கெட்டியாகிறது. 'வீடு இனி பாதுகாப்பு' என்கிறார். நம் வீட்டுக்கும் அதையே அடித்துவிட்டால் என்ன?

அவசரம் வேண்டாம். அந்த நுரை எந்த நோய்க்கு மருந்து என்பதை முதலில் பார்ப்போம்.

நுரை எதற்காக?

ஐசோசயனேட், பாலியோல் என்ற இரண்டு திரவங்கள் குழாய் முனையில் கலந்து பாலியூரித்தேன் நுரையாகின்றன. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மெத்தென்று இருக்கும் திறந்த அறை நுரை. மற்றது கல்போல் இறுகும் மூடிய அறை நுரை. விலை கூடினாலும் வெப்பத்தை அதிகமாகத் தடுப்பது இரண்டாவது வகைதான்.

குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்கக் காசு கொடுக்கிறார்கள். சூடான காற்று மேலே ஏறும் என்பது பள்ளிப்பாடம். அது சிலிங்கில் உள்ள சின்னச் சின்ன இடுக்குகள் வழியே கூரைக்குள் புகுந்து வெளியே போய்விடுகிறது. போகிற போக்கில் ஈரத்தையும் கொண்டு போகிறது. அந்த ஈரம் உறைபனியில் கிடக்கும் மரச்சட்டத்தில் பட்டு நீராகி, நாளடைவில் மரத்தை உளுக்கச் செய்கிறது.

டொராண்டோவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கவலை நன்றாகத் தெரியும். அம்மாநிலமான ஒண்டாரியோவில் புதிய வீட்டின் கூரைக்கு ஆர்-60 என்ற அளவுக்கு வெப்பத்தடுப்பு வேண்டும் என்று கட்டட விதி கேட்கிறது. அங்கே நுரை இரண்டு வேலை செய்கிறது. இடுக்கை அடைக்கிறது, வெப்பத்தையும் தடுக்கிறது. அந்த நாட்டுக்கு அது நியாயமான மருந்துதான்.

இங்கே வெப்பம் மேலிருந்து வருகிறது

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரை டிகிரியில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் உச்சிச் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேல்தான். நம் கடிகாரத்தில் அது பகல் ஒரு மணியை ஒட்டிய நேரம். வரிசை வீட்டில் இரண்டு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு ஒட்டியவை. ஆகவே வெயிலை நேராக வாங்குவது கூரைதான். தெளிவான வானம் இருக்கும் நாளில் கருநிற ஓடோ தகரமோ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும்.

இப்போது ஒரு கேள்வி. சூடான காற்று மேலேதானே போகும்? கூரைச் சூடு எப்படிக் கீழே இறங்குகிறது?

காற்று வழியாக அது பெரும்பாலும் இறங்குவதில்லை. கதிர்வீச்சாக இறங்குகிறது. அடுப்புத் தணலுக்கு முன் நின்றால் முகம் சுடுகிறதே, அதே கதைதான். சூடேறிய ஓட்டின் அடிப்பக்கம் சிலிங்கைச் சுடுகிறது. சிலிங் நம் தலையைச் சுடுகிறது. எனவே குளிர் நாட்டில் முதல் வேலை இடுக்கை அடைப்பது என்றால், நம் நாட்டில் முதல் வேலை அந்தக் கதிரை மறிப்பது.

நம் முன்னோருக்கு இது அனுபவப் பாடம். நிப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரையின் அடுக்குகளுக்குள் காற்று அடைபட்டுக் கிடந்தது; வெப்பம் எளிதில் இறங்கவில்லை. தோட்டத்து லயங்களுக்குத் தகரக் கூரை வந்தபோது பகல் அடுப்பாகிவிட்டது. ஆனால் மெல்லிய தகரம் பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். இன்றைய தாமான் வீடு செங்கல்லும் கான்கிரீட்டும். பகலெல்லாம் குடித்த வெப்பத்தை அது இரவெல்லாம் கக்குகிறது. பத்து மணிப் புழுக்கத்தின் இரகசியம் இதுவே!

முதலில் செய்ய வேண்டியவை

மலிவானதும் நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றதும் அலுமினியத் தாள்தான். பளபளப்பான அலுமினியம், தன் மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். தான் சூடானாலும் மிகக் குறைவாகவே கதிரை வெளிவிடும். ஒரு நிபந்தனை உண்டு. பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி இருக்க வேண்டும். எதனோடும் ஒட்டிக் கிடந்தால் பயன் இல்லை. பளபளப்பு கீழே பார்த்திருப்பது நல்லது. மேலே பார்த்தால் தூசி படிந்து நாளடைவில் மங்கிவிடும்.

அடுத்தது, சிலிங்குக்கு மேல் பாறைப்பஞ்சு அல்லது கண்ணாடிப்பஞ்சு பரப்புவது. குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 1525, எடை குறைந்த கூரையின் வழியே வெப்பம் கடக்கும் அளவு 0.4 என்ற எண்ணைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு, ஒரு சதுர மீட்டரில் இத்தனை வாட் என்பது அதன் பொருள். ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் தடிப்புள்ள பஞ்சு அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். வீட்டுக்கும் அது நல்ல அளவுகோல்தான். வீடுகளுக்கென்றே எம்.எஸ். 2680 என்ற தனித் தரநிலை 2017இல் வந்தது.

தகரக் கூரை என்றால் வெளிர் நிறப் பிரதிபலிப்புச் சாயமும் உதவும். ஆனால் நம் மழையில் பாசி பிடிக்கும். அவ்வப்போது கழுவ வேண்டும்.

நுரையின் மறுபக்கம்

நுரை நம் நாட்டில் வேலையே செய்யாது என்று சொல்வதற்கில்லை. தகரக் கூரையின் அடியில் அடித்தால் வெப்பத்தைத் தடுக்கும்; மழைச் சத்தத்தையும் குறைக்கும். ஆனால் ஓட்டு வீட்டுக்காரர் நான்கு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஒன்று, ஒழுக்கு. ஓடு உடைந்து நீர் இறங்கினால் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது. நுரைக்குப் பின்னால் மரச்சட்டம் உளுத்தாலும் கரையான் ஏறினாலும் கண்ணில் படாது. பிரிட்டனில் கூரையில் நுரை அடித்த வீடுகளுக்குக் கடன் கொடுக்கச் சில வங்கிகள் மறுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். வீட்டை விற்கப் போனபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது!

இரண்டு, அகற்றுவது. பஞ்சை எடுத்துவிடலாம், தாளைக் கிழித்துவிடலாம். மரத்தோடும் ஓட்டோடும் ஒட்டிய நுரையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

மூன்று, தீ. பாலியூரித்தேன் எரியும், அதன் புகை நஞ்சு. வட அமெரிக்க விதிகள் மனிதர் புழங்கும் பக்கம் நுரையை ஜிப்சம் பலகை போன்றதால் மூடச் சொல்கின்றன.

நான்கு, மூச்சு. அடிக்கும்போது வெளிவரும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. வேலை நடக்கும்போது வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. முடிந்தபின் குறைந்தது ஒரு நாளாவது காற்றோட்டம் விட்டு, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் கழிந்த பிறகே திரும்ப வேண்டும். கனடாவில் யூரியா பார்மால்டிஹைடு என்ற வேறொரு நுரையைச் சுவர்களுக்குள் நிரப்பி, பின்னர் 1980இல் அதைத் தடையே செய்தார்கள். புதுப்பொருள் என்றதும் மயங்கிவிடக் கூடாது என்பதற்கு அது ஒரு பாடம்.

மலிவு வேலை உயிரைக் குடிக்கலாம்

தாளோ பஞ்சோ தானே போட்டுக்கொள்ளலாம் என்று ஏணி எடுப்பவர்கள் ஆஸ்திரேலியாவை நினைக்க வேண்டும். அங்கே 2009இல் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்புப் போட அரசாங்கமே பணம் கொடுத்தது. பயிற்சி இல்லாதவர்களும் வேலையில் இறங்கினார்கள். நான்கு இளம் தொழிலாளர்கள் மாண்டனர். மூவரை மின்சாரம் தாக்கியது. ஒருவரைக் கூரைக்குள் இருந்த வெப்பமே கொன்றது. 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு அரச விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியதாயிற்று.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். பழைய மின்கம்பியில் ஆணி இறங்கினால் தாள் முழுவதும் மின்சாரம்தான். எனவே மின்சாரத்தின் மூலச் சுவிட்சை அடைத்த பிறகே கூரைக்குள் கால் வைக்க வேண்டும். சிலிங்கில் பதித்த விளக்குகளின் மேல் பஞ்சைப் போட்டு மூடக்கூடாது. பழைய வீட்டின் சிலிங் பலகையில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை அறுப்பதும் துளைப்பதும் கூடவே கூடாது. வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நலம்.

குத்தகையாளரிடம் வாய்ப்பேச்சு போதாது. சிஐடிபி பதிவு உண்டா? எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு? தீச்சோதனைச் சான்றிதழ் எங்கே? பின்னால் ஒழுகினால் பொறுப்பு யாருடையது? நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜொகூர் பாரு வீடுகள் சொன்ன பாடம்

கூரையை அடைத்தால் மட்டும் இரவு குளிர்ந்துவிடுமா? ஆகாது. வெப்பத்தடுப்பு இரு பக்கமும் தடுக்கும். சன்னல், சுவர் வழியே உள்ளே வந்த சூட்டுக்கு வெளியே போக வழி வேண்டும்.

இதற்கு விடை ஜொகூர் பாருவிலேயே கிடைத்தது. ஜப்பானிய ஆய்வாளர் தெத்சு குபோதாவும் அவருடைய குழுவினரும் இங்குள்ள வரிசை வீடுகளில் ஒரு சோதனை நடத்தி, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் பகலில் சன்னலைத் திறக்கிறார்கள், இரவில் மூடுகிறார்கள். அதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். பகலில் மூடி, இரவில் திறந்தபோது, பகலில் மட்டும் திறந்த நிலையைவிட வீட்டின் உச்ச வெப்பம் 2.5 டிகிரி குறைந்தது. இரவு வெப்பம் சராசரியாக 2 டிகிரி குறைந்தது. ஒரு காசு செலவில்லை!

ஆனால் இரவுக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதையும் அதே ஆய்வு சுட்டிக்காட்டியது. எனவே மின்விசிறியும் வேண்டும். திருட்டுப் பயமும் கொசுத் தொல்லையும் உண்மைதான். அதற்குச் சன்னலைச் சாத்துவதைவிட, மேல்மாடிச் சன்னலுக்கு இரும்புக் கிராதியும் கொசுவலையும் பொருத்துவது புத்திசாலித்தனம்.

களத்தின் தீர்ப்பு

குற்றவாளி வெயில் மட்டுமல்ல. அதை அப்படியே உள்ளே விடும் கூரையும்தான். பனி நாட்டவர் சூடு வெளியே போகாமல் காக்கிறார்கள். நமக்கோ சூடு உள்ளே வராமல் காக்க வேண்டும். வந்ததை இரவில் வழியனுப்பவும் வேண்டும். ஆகவே முதலில் இரவுச் சன்னல், பிறகு அலுமினியத் தாள், அதன் பின் பஞ்சு. இவ்வளவும் செய்தும் போதாத தகரக் கூரைக்கு மட்டும் நுரையைப் பற்றி யோசிக்கலாம்.

மேல்மாடியில் புரண்டு புரண்டு படுக்கும் பாட்டிக்கும் பேரக்குழந்தைக்கும் வேண்டியது நிம்மதியான தூக்கம். இன்றிரவே சன்னலைத் திறந்து பார்க்கலாமே!