ஜிம், ஜேம்ஸ் ஆன கதை

மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் ஜிம் ஓர் அடிமை. நியூ ஆர்லியன்ஸுக்கு விற்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் ஓடிப்போகிறான். சிறுவன் ஹக்குடன் தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றில் இறங்குகிறான். பேச்சு கொச்சை, பேய் என்றால் பயம். நல்லவன், வெகுளி. நூறாண்டுக்கும் மேலாக வாசகர்கள் அறிந்த ஜிம் இவன்தான்.

2024இல் அமெரிக்க எழுத்தாளர் பெர்சிவல் எவரெட் 'ஜேம்ஸ்' என்ற நாவலில் அதே கதையை ஜிம்மின் வாயால் சொன்னார். இதில் அந்தக் கொச்சை வெறும் வேஷம். அடிமைகள் தங்களுக்குள் திருத்தமான ஆங்கிலம் பேசுகிறார்கள். வெள்ளைக்காரர் தலை தெரிந்தால் மாற்றிக்கொள்கிறார்கள். ஜேம்ஸ் இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்துகிறார். அடுப்படியில் தீப்பிடித்தால்கூட நேராகச் சொல்லக் கூடாது. எஜமானியே கண்டுபிடித்ததாக நினைக்கும்படி சொல்ல வேண்டும். நீதிபதி வீட்டு நூலகத்தில் ஒளிந்து படித்தவர், கனவில் தத்துவவாதி வோல்டேருடன் வாதாடுகிறார். சிரித்துக்கொண்டே படிக்கும்போது கதை திரும்புகிறது: அவர் எழுதுவதற்காகப் பென்சில் திருடிக்கொடுத்த இன்னொரு அடிமையைக் கொன்றுவிடுகிறார்கள். 2025இல் இந்நாவல் புலிட்சர் பரிசு பெற்றது.

ஓரத்தில் நின்ற பாத்திரம் நடுவே வருவது புதிதல்ல. 'ஜேன் ஐர்' நாவலில் பரணில் பூட்டப்பட்ட மனைவியின் கதையை ஜீன் ரீஸ் 1966இலேயே எழுதிவிட்டார். 2018இல் பாட் பார்க்கர், ஹோமரின் போர்க்களத்தில் கொள்ளைப்பொருளாகப் பங்கிடப்பட்ட பிரைசீஸ் என்ற பெண்ணைப் பேச வைத்தார். இப்போது இது ஒரு சந்தையாகவும் ஆகிவிட்டது. தெரிந்த பெயர் அட்டையில் இருந்தால் புத்தகம் விற்கும். பழைய நூல்களுக்குக் காப்புரிமைத் தொல்லையும் இல்லை. ஆனால் 1936இல் வந்த, காப்புரிமை முடியாத 'கான் வித் த விண்ட்' நாவலை அடிமைப் பெண்ணின் பார்வையில் திருப்பி எழுதிய ஆலிஸ் ராண்டல் மீது 2001இல் வழக்கே தொடுத்தார்கள்.

குரல் கொடுத்துவிட்டால் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜே. எம். கூட்ஸியின் 'ஃபோ'வில் (1986) ராபின்சன் குரூசோவின் பணியாள் ஃப்ரைடேக்கு நாக்கே இல்லை. அவனுக்காகப் பேச எல்லோரும் தயார். கூட்ஸி மட்டும் கடைசிவரை அதைச் செய்யவில்லை. அந்த மறுப்பு, பல புதிய மறுகதைகளின் நீண்ட பேச்சைவிட நேர்மையானது.

'ஜேம்ஸ்' படிக்கும் முன் ட்வெயினைப் படித்திருக்க வேண்டுமா? கட்டாயமில்லை. படித்திருந்தால் ஒன்று கூடுதலாகப் பிடிபடும்: ஹக் பணக்கார வீட்டில் விருந்தாளியாகத் தங்கும் இடத்தில் ட்வெயின் ஜிம்மைச் சதுப்புநிலத்தில் ஒளித்துவிட்டு மறந்துபோகிறார். எவரெட் போவது ஹக்கின் பின்னால் அல்ல, அந்தச் சேற்றுக்குள்.