தோபியாவின் நாயும் நம் தோட்டத்துப் பிள்ளையும்



திருவிவிலியம் நாயைப் பெரும்பாலும் இழிவின் அடையாளமாகவே குறிப்பிடுகின்றது. ஆனால் தோபித்து நூல் அதற்கு வேறோர் இடம் தருகின்றது. பார்வையிழந்த தந்தை தம் மகன் தோபியாவைத் தொலைதூரம் அனுப்புகின்றார். வானதூதர் இரபேல் வழித்துணையாகிறார். நாயும் உடன் செல்கின்றது. அந்த நாய் அற்புதம் எதுவும் செய்யவில்லை. கூடவே நடந்தது, திரும்பும்போதும் கூடவே வந்தது.

இத்தகைய துணையை இன்று மேலை நாடுகளில் நோயுற்ற பிள்ளைகளுக்கும் பழக்கித் தருகின்றனர். முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளை இன்சுலினை நம்பியே வாழ்கின்றது. சில வேளைகளில் இரத்தத்தில் சீனியின் அளவு சட்டென்று குறைந்துவிடும். உறக்கத்தில் இது நேர்ந்தால் பிள்ளை தானே உணராது. பயிற்றப்பட்ட நாயோ மூச்சிலும் வியர்வையிலும் தோன்றும் மணமாற்றத்தை அறிந்து, பெற்றோரை எழுப்பும்.

மூன்று நோயாளரின் வீட்டு நாய்கள், எவரும் பழக்காமலே, சீனி குறைந்த வேளையை உணர்ந்து நடந்துகொண்டதைப் பிரித்தானிய மருத்துவ இதழ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வேளையில் மூச்சில் ஐசோப்பிரீன் என்னும் பொருள் கூடுவதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டனர். நாய் முகர்வது அதனையாக இருக்கலாம் என்பது அவர்களது கருத்து. ஆயினும் நாயும் தவறக்கூடும். இரத்தப் பரிசோதனைக்கு அது ஒருபோதும் மாற்றாகாது.

பசறையிலோ மடுல்சீமையிலோ லயத்தில் வாழும் தாய்க்கு இது எட்டாக்கனி. ஒரு நாயைப் பழக்கி முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும் பல இலட்சம் ரூபாயும் வேண்டும். வீட்டில் நாய் வளர்ப்பது பிள்ளைக்கு ஆறுதல்தான். விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றி வளர்க்கட்டும். ஆனால் பழக்கப்படாத நாயை நம்பிப் பிள்ளையைத் தனியே விடலாகாது.

அப்படியானால் நமக்கு வழி என்ன? அந்த நாய் செய்வதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது கூட இருக்கின்றது, கவனிக்கின்றது, காலந்தாழ்த்தாமல் எழுப்புகின்றது. இம்மூன்றும் மனிதருக்கு இயலாதவையா?

தாய் விடியலில் பெரட்டுக்குச் சென்றுவிடுகிறாள். பிள்ளையின் நோயை அடுத்த வீட்டுப் பாட்டி அறிவாரா? பாடசாலை ஆசிரியர் அறிவாரா? பெண்பிள்ளையாயின் நாளை வரன் அமையாது என்றஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மறைக்கப்பட்ட நோயை எவர் கவனிக்க முடியும்?

பெற்றோரே, துணிந்து சொல்லுங்கள். நடுக்கம், வியர்வை, வெளிறிய முகம், தடுமாறும் பேச்சு ஆகிய அடையாளங்களை அண்ணன் தம்பிக்கும் அயலாருக்கும் கற்பியுங்கள். பிள்ளை நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் உடனே சீனி கரைத்த நீரைக் கொடுக்க வேண்டும். நினைவிழந்தால் வாயில் எதனையும் ஊற்றாமல், பக்கவாட்டில் கிடத்தி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரவில் அழைக்கத்தக்க முச்சக்கர வண்டிக்காரரின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். அவசரமான அந்த இரவில் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.

அயலாரே, அந்தப் பிள்ளையைப் பரிதாபப் பொருளாகப் பார்க்காதீர்கள். கதவைத் தட்டி, "இன்று பிள்ளை சாப்பிட்டாளா?" என்று கேளுங்கள். இன்சுலின் ஏற்றிய பிள்ளை உணவைத் தவறவிட்டால் ஆபத்து நேரும். ஆதலால் அந்த ஒரு கேள்வியே ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

வாயற்ற ஓர் உயிர் தோபியாவுடன் வழி முழுவதும் நடந்தது. பேசத் தெரிந்த நாம் நம் லயத்துப் பிள்ளையுடன் நடக்கலாகாதா?