மணிபர்ஸ் தொலைந்தால் உடனே செய்ய வேண்டியவை

செங்கல்பட்டு மாவட்டம் அணுபுரம், திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம் வட்டார விவசாயிகள் நெல் கொள்முதல் நிலையத்திற்கோ, கூட்டுறவு சங்கத்திற்கோ புறப்படும்போது ஆதார் அட்டை, ஏ.டி.எம். அட்டை, கிசான் கடன் அட்டை, பான் அட்டை ஆகியவற்றை மணிபர்ஸில் எடுத்துச் செல்வது வழக்கம். பஸ் நெரிசலில் அது தொலைந்துவிட்டால், போன ரூபாய் நோட்டுகளை எண்ணியே பலரும் வருந்துகின்றனர். அட்டைகளால் வரக்கூடிய நஷ்டமோ அதைவிடப் பெரியது.

நெற்பயிரின் தூரில் புகையான் தென்பட்ட அன்றே தண்ணீரை வடித்தால் சேதம் குறையும். பயிர் காய்ந்த பிறகு மருந்தடித்துப் பயனில்லை. பர்ஸ் தொலைந்தாலும் அப்படியே. முதல் சில மணி நேரமே முக்கியமானது.

வங்கிக்கு முதல் தகவல்

முதலில் வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசி ஏ.டி.எம். அட்டையையும் கிசான் கடன் அட்டையையும் முடக்கச் சொல்ல வேண்டும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது அவசியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரகசிய எண்ணை வெளியிட்டது போன்ற கவனக்குறைவால் பணம் போனால், தகவல் கொடுக்கும் வரையிலான நஷ்டம் வாடிக்கையாளருடையது; தகவல் கொடுத்த பின் ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது. எனவே மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருத்தல் கூடாது.

செல்போனும் சேர்ந்து போயிருந்தால் சிம் கார்டையும் அப்போதே முடக்க வேண்டும். ஓ.டி.பி. எண் அதற்குத்தான் வரும்.

கைரேகைக்குப் பூட்டு

ஆதார் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் பணம் எடுத்துவிட முடியாது. அதோடு கைரேகையோ ஓ.டி.பி. எண்ணோ வேண்டும். ஆனால் கைரேகையையும் நகலெடுக்க முடியும் என்பதற்கு 2018-இல் தெலங்கானாவில் நடந்த மோசடியே சான்று. நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகைகளை எடுத்து ரப்பரில் அச்சு செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகள் பிறர் பெயரில் இயக்கப்பட்டன. பத்திரம் பதிந்த விவசாயி ஒவ்வொருவரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. விவரங்களுக்கு 1947 என்ற எண்ணில் கேட்கலாம். பூட்டிய பின் ரேஷன் கடையில் கைரேகை ஏற்காது. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

காவல் துறையில் பதிவு

ஆவணம் தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பெறலாம். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பின்னாளில் அந்த அட்டையை எவரேனும் தவறாகப் பயன்படுத்தினால் இந்தச் சீட்டு கை கொடுக்கும். கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

“உங்கள் பர்ஸ் கிடைத்திருக்கிறது, வங்கியிலிருந்து பேசுகிறோம், அட்டையை ரத்து செய்ய ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று போன் வரலாம். எந்த வங்கியும் அப்படிக் கேட்பதில்லை.

பின் கவனிப்பு

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் தம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் உள்ளன என்று பார்க்கலாம். தமக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பான் அட்டை தொலைந்தவர்கள் தம் பெயரில் வேறு எவரேனும் கடன் வாங்கியுள்ளனரா என்று பார்ப்பது நல்லது. சிபில் முதலான கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

முன்னெச்சரிக்கை

• ரகசிய எண்ணை அட்டையிலோ பர்ஸிலோ எழுதி வைக்கக் கூடாது.

• வங்கி உதவி எண் அட்டையின் பின்புறம்தான் அச்சாகியிருக்கும். அட்டையோடு அதுவும் போய்விடும். ஆகவே வீட்டு நாட்காட்டியில் எழுதி வைக்க வேண்டும்.

• கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைப் போதுமான இடங்களில் கொடுக்கலாம்.

• அன்றைய வேலைக்குத் தேவையான அட்டையை மட்டும் எடுத்துச் சென்று, மற்றவற்றைப் பெட்டியில் வைக்கலாம்.

விவசாயப் பெருமக்கள் இவற்றை வீட்டிலுள்ள பெண்களுக்கும் முதியோருக்கும் சொல்லி வைத்தால், பாடுபட்டுச் சேர்த்த பணம் பிறர் கைக்குப் போகாமல் காத்துக்கொள்ளலாம்.